கம்பு வராமல் வண்டி விடாதே

சாலையில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னபோது என் வீட்டுக்காரர் சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இன்னா வேல?"

"கொடி புடிக்கிறது."

"அதுக்குத்தான் கட்சிக்காரங்க கீறாங்களே, உன்ன எதுக்குக் கூப்புட்றாங்க?" என்று கேட்டுவிட்டு, தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்து, புரையேறி, அரைச் சொம்பு தண்ணீர் குடித்தார்.

நான் பதினோரு வருடம் தண்டையார்பேட்டையில் ஒரு தையல் கம்பெனியில் சட்டைக் காலர் தைத்தவள். காலர் மட்டும்தான். கம்பெனியை ஊருக்கு வெளியே எங்கோ கொண்டுபோய்விட்டார்கள். அங்கே போய் வர இரண்டு பஸ், ஒரு ரயில். வேண்டாம் என்று வீட்டில் உட்கார்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அப்போதுதான் மகளிர் குழுவில் செய்தி வந்தது. எர்ணாவூர் தாண்டி கடலோரச் சாலையில் ஒரு பாதியைத் தோண்டிப் பெரிய குடிநீர்க் குழாய் பதிக்கப்போகிறார்கள். மிச்சமிருக்கும் ஒற்றைப் பாதியில்தான் போகிற வண்டியும் வருகிற வண்டியும் மாறி மாறிப் போகவேண்டும். இரண்டு முனையிலும் நின்று வண்டிகளை நிறுத்தவும் அனுப்பவும் பெண்கள் வேண்டும், பயிற்சி கொடுப்பார்கள் என்றார்கள்.

பயிற்சிக்குப் போன இடம் காண்ட்ராக்டரின் தகரக் கொட்டகை. ஆறு பெண்கள் வந்திருந்தோம். ஐந்தாவதாக உட்கார்ந்திருந்தது என் நாத்தனார்.

நாத்தனாருக்கும் எனக்கும் பேச்சு நின்று அப்போது பதினான்கு மாதம். ஒரே தெரு. அவள் வீட்டுத் தண்ணீர் டிரம் எங்கள் வாசலிலிருந்து பார்த்தால் தெரியும். ஆனாலும் பேச்சில்லை. காரணம் சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு அப்போது சிரிப்பாக இல்லை. அவள் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா நடந்தது. தெருமுனையில் இருபதடி உயரத்துக்கு பேனர். சொந்தக்காரர்கள் எல்லோருடைய முகமும் வட்ட வட்டமாக. தாய்மாமன் என்பதால் என் வீட்டுக்காரர் படம் பெரிதாக, கூலிங் கிளாஸ் மாட்டி, ஏதோ தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி. பக்கத்தில் நான். வாக்காளர் அட்டைக்கு எடுத்த படம். கண் பாதி மூடி, வாய் பாதி திறந்து, பல் டாக்டரிடம் உட்கார்ந்தவள் போல. அதை இருபதடி உயரத்தில் ஒரு வாரம் வைத்திருந்தார்கள். பால் வாங்கப் போகும்போதெல்லாம் என்னை நானே அண்ணாந்து பார்த்துக்கொண்டு போனேன்.

சரி, கொட்டகைக்கு வருகிறேன். எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவரை எல்லோரும் சேஃப்டி சார் என்பார்கள். திருநெல்வேலிப் பக்கத்து ஆள், ஒல்லி, காலையிலேயே வேர்த்துப்போய் இருப்பார். கையில் நீளக் குச்சி வைத்த வட்டப் பலகை ஒன்றைக் கொடுத்தார். ஒரு பக்கம் சிவப்பில் 'நில்'. திருப்பினால் 'மெதுவாக'.

"ரோட்டு நடுவுல நிக்கக் கூடாது. ஓரத்துல நிக்கணும். வண்டிக்கு முதுகு காட்டக் கூடாது. நெழல்ல நின்னா டிரைவருக்குத் தெரியாது, அதனால வெயில்லதான். நிக்க எடம் பாக்கும்போதே ஒரு வண்டி நிக்காம வந்தா எங்க குதிக்கணும்னு பாத்து வச்சுக்கணும். போன் கொட்டகையில பையில இருக்கும், கையில இருக்காது. முக்கியமா, டிரைவர் கண்ணப் பாக்கணும். அவரு உங்க கண்ணப் பாக்கலைன்னா, உங்களயே பாக்கலைன்னு அர்த்தம்."

சொல்லிவிட்டு இரண்டு ஹெல்மெட்டுகளை எடுத்து நெஞ்சுக்கு நேராக ஹெட்லைட் மாதிரி பிடித்துக்கொண்டார். "இப்ப நான் லாரி. பின்னால நாப்பதடி கண்டெய்னர் இருக்கு. நெனச்ச ஒடனே நிக்க முடியாது. நிப்பாட்டுங்க பாப்போம்" என்று வாயாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு கொட்டகையின் அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்தார்.

முதல் பெண் லாரிக்கு வழிவிட்டு ஒதுங்கிவிட்டாள். இரண்டாமவள் சிரித்து உட்கார்ந்துவிட்டாள். நாத்தனார் முறை வந்தது. பலகையை நீட்டினாள், இன்னொரு கையை உள்ளங்கை தெரியத் தூக்கினாள், சாரைப் பார்த்தாள். அவ்வளவுதான். சார் நின்ற வேகத்தில் ஒரு ஹெட்லைட் கழன்று உருண்டது.

"இது! இந்தப் பார்வைதான் வேணும்" என்றார் சார்.

அந்தப் பார்வை எனக்குப் புதிதல்ல. பதினான்கு மாதமாகத் தண்ணீர் லாரி வரும்போதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நானும் நன்றாகவே நிறுத்தினேன். அதுதான் வினையாகப் போயிற்று. நன்றாக நிறுத்திய இருவரையும் மிக மோசமான இடத்துக்குப் போட்டார் சார். அங்கே சாலை வளைகிறது. வளைவில் கண்டெய்னர் யார்டின் மதில். ஒரு முனையில் நிற்பவளுக்கு மறுமுனை தெரியாது. நடுவில் முந்நூறு மீட்டர்.

"ரெண்டு பேரும் ஒரே தெருவாமே? அப்ப ரொம்ப வசதி. புரிஞ்சு நடந்துக்குவீங்க" என்றார். நாங்கள் இருவரும் ஆளுக்கொரு திசையில் பார்த்துக்கொண்டு தலையாட்டினோம்.

திருவொற்றியூர் முனை எனக்கு, எண்ணூர் முனை அவளுக்கு. ஆளுக்கொரு வாக்கி டாக்கி. நான் ஒரு தொகுதி வண்டிகளை அனுப்பிவிட்டு, கடைசி வண்டி எது என்று அவளுக்குச் சொல்லவேண்டும். அது தன்னைக் கடந்த பிறகு அவள் தன் பக்கத்து வண்டிகளை விடுவாள்.

பேச்சில்லாத ஆளிடம் பேசுவதற்கு நம் வீடுகளில் ஒரு வழி உண்டு. பக்கத்தில் யாராவது இருந்தால் அவர்களிடம் சொல்வோம், அல்லது சுவரிடம் சொல்வோம். வாக்கி டாக்கியில் சுவர் கிடையாது. நீ என்றும் கூப்பிட முடியாது, பெயரும் சொல்ல முடியாது. ஆகவே செய்தி வாசிப்பதுபோல் பேசினோம்.

"கடைசி வண்டி மீன் லாரி. நீல கலர். ஓவர்."

"மீன் லாரி வந்துச்சு. ஓவர்."

நாள் முழுக்க இவ்வளவுதான். இடையில் எங்கள் அலைவரிசையைக் கேட்ட சேஃப்டி சார் ஒருநாள் குறுக்கே வந்து, "ஏம்மா, இது ரேடியோ ஸ்டேஷனா? கொஞ்சம் மனுசங்க மாதிரி பேசுங்களேன்" என்றார். இரண்டு பக்கமும் "சரி சார். ஓவர்" என்று முடித்துக்கொண்டோம்.

இரண்டாவது வாரம் ஒரு சின்ன லாரி நான் காட்டிய சிவப்பைப் பார்க்காமல் வந்தது. டிரைவர் மடியில் கிடந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைப் பார்க்கிறாரா என்று பார்த்தேன், பார்க்கவில்லை. நான் பார்த்து வைத்திருந்த இடம் ஒரு மணல் குவியல். அதில் குதித்தேன். குதித்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது, விழுந்தேன். லாரி பலகைக் குச்சியைத் தட்டிவிட்டு நேரே ஒற்றைப் பாதைக்குள் போய்விட்டது. எதிரே நாத்தனார் விட்ட வண்டிகள் வந்துகொண்டிருந்தன. வாக்கி டாக்கியில் கத்தினேன். அவள் அந்தப் பக்கம் மேற்கொண்டு விடாமல் நிறுத்தினாள். உள்ளே இருந்த பஸ் டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் நின்றார். சின்ன லாரி பஸ்ஸின் மூக்குக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பிறகு அரை மணி நேரம் ஆயிற்று, அதைப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வெளியே வர.

எல்லாம் அடங்கியபின் வாக்கி டாக்கி கரகரத்தது.

"அடி பட்டுச்சா? ஓவர்."

"இல்ல. ஓவர்."

அந்த வாரத்தில் நாங்கள் பேசிய சொந்த விஷயம் இவ்வளவே. ஆனால் அன்று முதல் எனக்கு அந்த வேலை விளையாட்டாகத் தோன்றவில்லை. அந்த வளைவுக்குள் நான் அனுப்புகிற ஒவ்வொரு வண்டியும், அவள் நிறுத்தி வைத்திருக்கிறாள் என்ற நம்பிக்கையில்தான் போகிறது.

கடற்கரைக் காற்று இரும்பையே தின்கிற ஊர் எங்களுடையது. வாக்கி டாக்கி எம்மாத்திரம்? ஒரு மாதத்தில் முதலில் அவளுடையது ஊமையானது, பிறகு என்னுடையது செவிடானது. புதிது வரும்வரை என்ன செய்வது? சார் இரண்டடி நீளத்துக்குக் குழாய்த் துண்டு ஒன்றை வெட்டி, பச்சைப் பெயின்ட் அடித்து, நுனியில் சிவப்புத் துணி கட்டிக் கொண்டுவந்தார். உலகத்தில் இந்தக் கம்பு ஒன்றே ஒன்றுதான். அனுப்புகிற தொகுதியில் கடைசி வண்டியிடம் இதைக் கொடுக்கவேண்டும். மறுமுனையில் இருப்பவள் அதை வாங்கிக்கொண்ட பிறகுதான் தன் வண்டிகளை விடவேண்டும்.

"கம்பு வராம வண்டி விடாதீங்க. முதலமைச்சரே வந்தாலும் சரி" என்றார்.

கம்பு வந்த பிறகு வேலை சுவாரசியமாகிவிட்டது. டிரைவர்களுக்கு அது பிடித்துப்போனது. சிலர் செங்கோல் மாதிரி வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு போவார்கள். ஒருவர் கோயில் தீபாராதனைபோல் ஸ்டீயரிங்கை மூன்று முறை சுற்றிவிட்டு வைத்துக்கொண்டார். குடிநீர் டேங்கர் ஓட்டும் ஒருவர் ஒரு நாளில் ஆறு முறை எங்களைக் கடப்பார். எப்படியோ அடிக்கடி அவர்தான் கடைசி வண்டி. எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்டவர் அவராகவே தபால்காரராகிவிட்டார்.

"யக்கா, அந்தாண்ட கீற அக்கா உங்கள சாப்டீங்களானு கேட்டாங்க."

பொய் என்று உடனே தெரிந்துவிட்டது. என் நாத்தனார் பிறந்ததிலிருந்து யாரையும் 'நீங்க' என்று சொன்னதில்லை, டாக்டரைக்கூட.

"துன்னாச்சுனு சொல்லு" என்றேன். அவளிடம் இவர் என்ன சொன்னாரோ, அடுத்த முறை, "கொழம்பு இன்னானு கேக்குறாங்க" என்று வந்தது. அதுவும் பொய். ஆனாலும் "வஞ்சிரம்" என்றேன். உண்மையில் அன்று ரசம். பதினைந்து மாதத்துக்குப் பிறகு ரசம் என்று சொல்லி அனுப்ப மனம் வரவில்லை.

கம்பு தொலைந்தது ஒரு மே மாதத்துச் செவ்வாய்க்கிழமை, முற்பகல். அன்று குழாய் இறக்குவதற்காக வேலையாட்களை எல்லாம் மீஞ்சூருக்கு அழைத்துப் போயிருந்தார்கள். சேஃப்டி சாரும் கூடவே போய்விட்டார். குழி திறந்து கிடந்ததால் நாங்கள் இருவர் மட்டும் நின்றோம்.

பதினொரு மணி வாக்கில் இருபது வண்டிகளை அனுப்பினேன். கடைசியாக ஒரு மஞ்சள் ஷேர் ஆட்டோ, உள்ளே அன்னக்கூடைகளோடு ஐந்து மீன்காரப் பெண்கள்.

"எண்ணூர்தானே?"

"ஆமாங்கா" என்றார் ஆட்டோக்காரர். கம்பைக் கொடுத்தேன். முன்னால் இருந்த பெண் வாங்கிக் கூடையில் சொருகிக்கொண்டார்.

ஐந்து நிமிடத்தில் அந்தப் பக்கத்திலிருந்து வண்டி வரவேண்டும். வரவில்லை. பத்து நிமிடம். வரவில்லை. என் பக்கத்து வரிசை மதில் முனையைத் தாண்டிப் போய்விட்டது. முதலில் நின்றது ஒரு கண்டெய்னர் டிரெய்லர். ஓட்டுகிறவர் நாமக்கல் பக்கம். அவர் கண்ணைப் பார்த்தேன், அவர் என் கண்ணைப் பார்த்தார்.

"லேட்டாகுங்களா அக்கா?"

"தெரியலண்ணா. கம்பு வர்ல."

"சரிங்க" என்று எஞ்சினை அணைத்தார். துறைமுக வரிசையில் இரண்டு நாள் நின்று பழகிய மனிதர். கீழே இறங்கி, அடுப்பு வைத்திருக்கும் பெட்டியைத் திறந்து, வெங்காயம் அரிய ஆரம்பித்துவிட்டார்.

பின்னால் இருந்தவர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. ஹாரன் ஆரம்பித்தது. பைக்குகள் பக்கவாட்டில் நெளிந்து முன்னால் வந்தன. "எதிர்ல ஒண்ணும் வர்லயே, வுடேன்" என்றார்கள். எதிரில் ஒன்றும் வரவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது? கம்பு அவளிடம் போயிருந்தால் வண்டி வந்திருக்கும். போகவில்லை என்றால் அவளும் என்னைப் போலவே நிற்கிறாள். ஒருவேளை யாராவது கத்தி, பொறுக்க முடியாமல் அவள் திறந்துவிட்டால்? அதே நேரத்தில் நானும் திறந்துவிட்டால்?

நாமக்கல்காரர் தன் போனை நீட்டினார். "நம்பர் சொல்லுங்க, கேட்டுப் பாக்கலாம்."

அவள் நம்பரை நான் என் போனில் தடுத்து வைத்திருந்தேன். ஆனால் மனப்பாடமாகத் தெரியும். முன்பு இருவரும் ஒன்றாகப் போய் ஒரே கடையில் சிம் வாங்கியதால் என் நம்பருக்கும் அவள் நம்பருக்கும் கடைசி எண் ஒன்றுதான் வித்தியாசம். சொன்னேன். போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. எடுக்க மாட்டாள். போன் கொட்டகையில் பையில் இருக்கும், சார் சொன்னபடி. அவளிடம் கோபம் வந்தது. அதே மூச்சில் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அப்போதுதான் வரிசையின் ஐந்தாவது வண்டியிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, பாக்கெட்டில் மடித்த சால்வை.

"யம்மா, நான் யாரு தெர்மா?"

"தெர்ல சார்."

"வட்டத்துல பொறுப்புல கீறேன். எண்ணூர்ல தண்ணிப் பந்தல் தொறக்கணும். எரநூறு பேர் வெய்ட் பண்றாங்க. மோரு சூடாய்கினு கீது. வண்டிய வுடு."

"கம்பு வர்ல சார்."

"இன்னா கம்பு?"

விளக்கினேன். அவர் கேட்டுவிட்டுத் திரும்பவும், "சரி, என் வண்டிய மட்டும் வுடு" என்றார். டிரைவருக்குக் கை காட்டினார். கார் வரிசையிலிருந்து வெளியே வந்தது. நாமக்கல்காரர் வெங்காயத்தைக் கீழே வைத்தார். கேபினில் ஏறி, டிரெய்லரின் மூஞ்சியை ஒரு முழம் பாதைப் பக்கம் திருப்பி நிறுத்திவிட்டு மறுபடி இறங்கி வெங்காயத்தை எடுத்துக்கொண்டார். இப்போது கார் என்ன, ஒரு மொபெட் கூட உள்ளே நுழைய முடியாது.

வெள்ளைச் சட்டைக்காரர் என்னைப் பார்த்தார், டிரெய்லரைப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார். எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. நான் இடத்தை விட்டு நகரக் கூடாது. அந்தப் பக்கம் யாராவது நடந்து போய்ப் பார்த்து வரவேண்டும். இந்த வரிசையிலேயே அதிக அவசரம் உள்ளவர் இவர்தான்.

"சார், நீங்களே போய் ஒருவாட்டி கேட்டுட்டு வந்துட்டா சீக்கிரம் முடிஞ்சிரும். அந்த செவப்பு கோன் ஓரமா நடந்து போங்க. குழிப் பக்கம் போவாதீங்க."

"நானா?"

"வேற யாரும் பொறுப்புல இல்லயே சார்."

பொறுப்பு என்ற சொல் வேலை செய்தது. சால்வையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தார். பத்து நிமிடம் கழித்து வேர்வையில் நனைந்து வந்தார்.

"அந்தாண்ட கம்பு போவல. கடைசி வண்டி இன்னானு கேக்குது அந்தம்மா."

"மஞ்ச ஷேர் ஆட்டோ. அஞ்சு பொம்பளைங்க, மீன் கூட."

"இத மட்டும் சொல்ட்டு வர்றதுக்கு மறுபடி போவணுமா?" என்று தலையில் அடித்துக்கொண்டு மறுபடி போனார். மறுபடி வந்தார். "ஷேர் ஆட்டோ அந்தாண்ட வரவேயில்லயாம்."

இப்போது அவர் குரல் மாறியிருந்தது. தண்ணீர்ப் பந்தல் மறந்துவிட்டது போலிருந்தது. துப்பு துலக்குகிற ஆள் மாதிரி விரலால் காற்றில் கோடு போட்டார். "இந்தாண்ட போச்சு, அந்தாண்ட வர்ல. அப்ப நடுவுலதான் எங்கயோ..." என்றவர் நிறுத்தி, "ஆமா, உங்களுக்கும் அந்தம்மாக்கும் இன்னா ஒறவு?" என்றார்.

"ஏன் சார்?"

"அந்தாண்ட ஒரே சண்ட. பஸ்ல இருந்து எறங்கி வந்து நாலு பேரு, 'அந்தப் பக்கத்துக்காரி வண்டிய வுட்டுட்டான்னா இன்னா பண்ணுவ, நீ மொதல்ல வுடு'ன்றான். இந்தம்மா சொல்லுது, 'எங்க அண்ணி நிக்குது அங்க. கம்பு இல்லாம ஒரு சைக்கிள கூட வுடாது. நீ போய் பஸ்ல குந்து'ன்னு."

நான் பலகையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன். கை வலித்தது என்று அவர் நினைத்திருப்பார். அண்ணி என்ற சொல்லைக் கேட்டுப் பதினாறு மாதம் ஆகியிருந்தது. ஹெல்மெட்டுக்குள் வேர்வை வழிந்து கண்ணில் இறங்கியது. அது வேர்வைதான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன்.

"என் நாத்தனாரு சார்" என்றேன்.

"அதான பாத்தேன், ரெண்டும் ஒரே மாதிரி மொறைக்குது" என்று சொல்லிவிட்டு அவர் மூன்றாவது முறையாக உள்ளே போனார். பாதையின் நடுவில் கடல் பக்கமாக ஒரு சந்து உண்டு, மீனவர் குடியிருப்புக்குப் போவது. அந்தச் சந்து வாயிலில் இரண்டு கோன் வைத்து அடைத்திருந்தோம். அவர் போய்ப் பார்த்தபோது கோன் இரண்டும் ஓரமாகக் கிடந்தன. பெண்கள் இங்கேயே இறங்கிக்கொள்கிறோம் என்று சொல்ல, ஆட்டோக்காரர் கோனை ஒதுக்கிவிட்டு உள்ளே திருப்பியிருக்கிறார். கூடைகளை இறக்கிவிட்டு வேறு வழியாகவே போய்விட்டார். கம்பு கூடையோடு இறங்கிவிட்டது. வெள்ளைச் சட்டைக்காரர் அதைக் கண்டுபிடித்தபோது, ஒரு அம்மா கருவாடு காயப்போட்டு, அந்தக் கம்பால் காக்கை ஓட்டிக்கொண்டிருந்தாராம். அவரை நம்பிக் கம்பைக் கொடுக்க அந்த அம்மாவுக்கு மனமில்லை. "நீ யாரு? கொடுத்த அக்கா வரட்டும்" என்றாராம். 'நான் யாரு தெரியுமா' என்று அவர் அங்கே ஒருமுறை கேட்டிருக்கிறார், அங்கேயும் யாருக்கும் தெரியவில்லை.

எப்படியோ வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். இங்கேதான் அவர் ஒரு தப்புச் செய்தார், அல்லது சரியானதைச் செய்தார். கம்பு போய்க்கொண்டிருந்தது எண்ணூர் முனைக்கு. முறைப்படி அது நாத்தனாரிடம் சேரவேண்டும். அவரும் அங்கேயே கொண்டுபோனார். அவள் வாங்கினாள். பாதைக்குள் வண்டி ஏதும் இல்லையே என்று இரண்டு முறை கேட்டாள். பிறகு தன் பக்கத்து வண்டிகளை விட்டாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது: தன் கார் நிற்பது என் பக்கத்தில். எண்ணூர் பக்கத்து வண்டி முழுவதும் வந்து முடிந்த பிறகுதான் தனக்கு வழி.

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று அவளிடம் கேட்டிருக்கிறார்.

"நீ கேக்கலயே" என்றிருக்கிறாள். பிறகு பாவமாக இருந்ததால் தன் பாட்டிலில் இருந்த மோரைக் கொடுத்திருக்கிறாள். தண்ணீர்ப் பந்தல் திறக்க வந்தவர் நின்ற நிலையில் அண்ணாந்து முழுதும் குடித்தார்.

வளைவில் முதல் வண்டி தெரிந்ததும் நாமக்கல்காரர் டிரெய்லரை நேராக்கி வழிவிட்டார், வரிசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். எனக்கில்லை, வந்த வண்டிகளுக்கு. பஸ், லாரி, பால் வேன் என்று வந்துகொண்டே இருந்தன. கடைசியில் குடிநீர் டேங்கர். அதன் கேபினில் எங்கள் தபால்காரருக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டைக்காரர் கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இறங்கி என் கையில் கொடுத்தார்.

"எண்ணிப் பாத்துக்கோ, ஒண்ணு" என்றார். அவரும் சிரித்தார்.

நாமக்கல்காரர் சட்டியை மூடி, என்னைப் பார்த்து ஒரு தலையசைப்போடு போனார். நாலைந்து வண்டி கழித்து வெள்ளைக் கார் போனது. தண்ணீர்ப் பந்தலைத் திறந்தார்களா என்று தெரியாது. அந்த வெயிலுக்கு இருநூறு பேரும் திறப்பு விழாவுக்குக் காத்திருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

மாலையில் பலகையைக் கொட்டகையில் வைக்கப் போனபோது நாத்தனார் ஹெல்மெட்டைக் கழற்றி முடியை உதறிக்கொண்டிருந்தாள். கொட்டகையில் நாங்கள் இருவர் மட்டும். சுவர் இருந்தது, ஆனால் நான் சுவரிடம் பேசவில்லை.

"போன் அடிச்சனே, எடுக்கல."

"நீதான் அதுவா? ஏதோ புது நம்பர்னு பாத்தேன். பையில இருந்துச்சு." ஹெல்மெட்டை ஆணியில் மாட்டினாள். "வஞ்சிரம் வஞ்சிரம்னு தெனம் சொல்லி அனுப்பிகினு கீறியே, மெய்யாலுமா?"

"ஒருவாட்டிதான் சொன்னேன்."

"அந்த டேங்கர்காரன் வாரத்துக்கு நாலு தபா சொல்றான்."

சிரித்துவிட்டோம். சிரித்த பிறகு அந்த விஷயத்தைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அந்த போட்டோவ ஏன் போட்ட பாப்பா?" அவளுக்கு முப்பத்தெட்டு வயது. எங்கள் வீட்டில் இன்னமும் பாப்பாதான்.

"நான் எங்க போட்டேன்? அண்ணியோட நல்ல போட்டோ ஒண்ணு அனுப்புண்ணானு எங்க அண்ணன்கிட்டதான் கேட்டேன். அது அனுப்புச்சு இது."

"அத அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா எங்க அண்ணன வூட்டுக்குள்ள சேப்பியா நீ?"

வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம் கேட்டேன். எந்த போட்டோ என்றார். எந்த போட்டோவா என்றேன். குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனவர் திரும்பி வர வெகு நேரமாயிற்று. குடம் காலியாகவே வந்தது.

மறுநாள் சேஃப்டி சார் நடந்ததைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். எங்களைத் திட்டவில்லை. சந்து இருப்பது தெரிந்தும் அங்கே ஆள் போடாதது தன் தப்பு என்று எங்கள் முன்னாலேயே சொன்னார். பெரியவர்கள் தப்பை ஒத்துக்கொள்வதை நான் கம்பெனியில் பார்த்ததில்லை. சந்து வாயிலில் மூன்றாவதாக ஒருவரை நிறுத்தினார்கள். கருவாடு காயப்போட்ட அந்த அம்மாவையேதான். அவர் பலகையைக் காட்டுவதற்கு முன்னால் வாயாலேயே வண்டிகளை நிறுத்திவிடுவார். காக்கைகளும் அந்தப் பக்கம் வருவதில்லை.

ஆகஸ்டில் குழாய் பதித்து முடித்துத் தார் போட்டுவிட்டார்கள். இப்போது நானும் நாத்தனாரும் காட்டுப்பள்ளிச் சாலையில் ஒரு சிறுபாலம் கட்டுகிற இடத்தில் நிற்கிறோம். காலையில் ஒரே பஸ்ஸில் போகிறோம். முதல்நாள் அந்தப் பழைய வளைவு வந்தபோது இருவரும் ஜன்னல் பக்கம் குனிந்து பார்த்தோம். குழியும் இல்லை, கோனும் இல்லை. பஸ் டிரைவர் பிரேக் மேல் காலே வைக்காமல் பாட்டுக் கேட்டுக்கொண்டு போனார்.

"இன்னா மரியாத கெட்ட ஊரு இது" என்றாள் நாத்தனார்.